குவேக்கர் உழவர் குடும்பம் ஒன்றின் பூர்வீகத்தைக் கண்டறிவது எப்படி?

கேள்வி: 1700-களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவின் செஸ்டர் கவுண்டியில் பயிர் செய்த ஒரு குவேக்கர் (ஒரு கிறித்தவப் பிரிவினர்) குடும்பம் இங்கிலாந்தின் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தேடுகிறேன், ஞானஸ்நானப் பதிவேடுகளில் அவர்கள் பெயரே இல்லை. வேறு எங்கே பார்க்கலாம்?

பதில் 1: குவேக்கர்களிடம் ஞானஸ்நானச் சடங்கு கிடையாது. இடம்பெயர்ந்தவர்கள் பழைய ஊரின் ‘கூட்டத்திடம்’ (குவேக்கர்களின் உள்ளூர்ச் சபை) சான்றிதழ் பெற்று வருவது வழக்கம் என்பதால், ஸ்வார்த்மோர், ஹாவர்ஃபோர்டு கல்லூரி நூலகங்கள் பாதுகாத்துவரும் மாதாந்தரக் கூட்டக் குறிப்பேடுகளை முதலில் பாருங்கள். திருமணச் சான்றிதழ் கிடைத்தால் அது பெரும்பேறு. வந்திருந்தோர் சாட்சிகளாகக் கையெழுத்திட்டிருப்பதால் உறவினர் பலரும் அதில் தென்படுவார்கள்.

பதில் 2: தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தரும் வரி) செலுத்த மறுத்தவர்களிடம் பறிக்கப்பட்ட கதிர்க்கட்டுகளையும் மாடுகளையும் இங்கிலாந்துக் கூட்டங்கள் மதிப்போடு எழுதிவைத்தன; உழவர் குடும்பத்துக்கு அது அருமையான சான்று. தேதிகளில் கவனம் தேவை: 1752-க்கு முந்தைய ஏடுகளில் ‘முதல் மாதம்’ என்பது மார்ச்.