‘கிரெடிட்ஸ்’ பொத்தானில் தமிழில் என்ன எழுதுவது?

சம்மாந்துறையிலிருந்து:

எல்லாருக்கும் ஸலாமும் வணக்கமும்.

ஒரு சொல் வேண்டும், கொஞ்சம் அவசரம். நான் வேலை செய்யும் இடத்தில் அரிசி ஆலைகளுக்கு ஒரு கணக்கு மென்பொருள் செய்கிறோம். எத்தனை மூடை நெல் வந்தது, ஈரம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பாக்கி எல்லாம் அதில் பதிவாகும். ஆலைக்காரர்கள் கேட்டபடியால் முழுக்கத் தமிழில் வருகிறது. மிஞ்சி நிற்பது ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் இருக்கும் ஒரு பொத்தான்தான். ஆங்கிலத்தில் ‘கிரெடிட்ஸ்’. அதை அழுத்தினால் நாங்கள் உள்ளே எடுத்துப் பயன்படுத்திய திறமூல மென்பொருட்களின் (நிரலை யாரும் பார்த்து எடுத்தாளலாம் என்று வெளியிடப்பட்டவை) பெயர், எழுதியவர்கள் பெயர், உரிமம் எல்லாம் விரியும். போஸ்ட்கிரேஸ் தரவுத்தளம், பைதன் நிரல்மொழி, ஜாங்கோ வலைச்சட்டகம், நோட்டோ தமிழ் எழுத்துரு என்று நீளமான பட்டியல்.

தானியங்கி மொழிபெயர்ப்பு அதற்கு ‘கடன்கள்’ என்று போட்டுவிட்டது. சோதனைப் பதிப்பைப் பார்த்த ஆலைக்காரர் ஒருவர், தன்னுடைய வங்கிக் கடன் விபரம் இதற்குள் எப்படி வந்தது என்று கோபமாகப் போன் எடுத்தார்.

பொத்தானில் பதினைந்து எழுத்துக்கு மேல் கொள்ளாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதலாளிக்கு அந்தப் பக்கமே பிடிக்கவில்லை. “ஆலைக்காரன் பார்த்தால், இவனுகள் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் சும்மா எடுத்தது என்று நினைப்பான்” என்கிறார்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

தம்பி, ‘நன்றி நவிலல்’ என்று எழுதுங்கள். ஆய்வேட்டிலும் மலர்களிலும் காலாகாலமாக இருக்கிற சொல். நீளம் என்றால் ‘நன்றிகள்’ போதும். வேறு சொல் தேடி மெனக்கெட வேண்டாம்.

காத்தான்குடியிலிருந்து:

டீச்சர் சொன்னது மரியாதையான சொல். ஆனாலும் எனக்கு ஒரு ஆசை. கோயில் ட்யூப்லைட்டில் ‘உபயம்’ என்று எழுதி, கீழே கொடுத்தவர் பெயர் இருக்கும். எங்கள் பள்ளிவாசல் மின்விசிறியில் அதே வேலையை ‘அன்பளிப்பு’ செய்கிறது. இரண்டும் சனத்துக்குப் பழகின சொற்கள். ‘உபயம்’ நான்கே எழுத்து, பொத்தானுக்கு அளவாக இருக்கும். நான் உபயத்தை ஆதரிக்கிறேன் என்று ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து:

தம்பி, டீச்சர், காத்தான்குடிக் காக்கா (அண்ணன்), எல்லாருக்கும் வணக்கம்.

‘கடன்கள்’ கதையைப் படித்துச் சிரித்து முடியவில்லை. மறுகா விஷயத்துக்கு வருவோம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

‘நன்றி’ எனக்கும் பிடித்த சொல், ஆனால் இந்த இடத்துக்கு ஆகாது. நன்றி சொல்வதும் சொல்லாமல் விடுவதும் என் விருப்பம். இந்தப் பக்கம் அப்படி விருப்பப்பட்டு வைப்பது இல்லை. திறமூல மென்பொருட்கள் பலவற்றுக்கு இருக்கும் எம்ஐடி உரிமம் நம்மிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் ஒவ்வொரு பிரதியிலும் வைத்திரு. ஜாங்கோவின் பிஎஸ்டி உரிமமும் போஸ்ட்கிரேஸின் உரிமமும் கேட்பது ஏறத்தாழ அதையேதான். விற்கலாம், மாற்றலாம், ஒரு சதம் கொடுக்க வேண்டாம், பெயரை மட்டும் அழிக்காதே என்பதுதான் பேச்சு. நீங்கள் ஆலைக் கணினியில் மென்பொருளை நிறுவிக் கொடுக்கும்போது ஒரு பிரதி கைமாறுகிறது. கடமை அங்கேயே தொடங்கிவிடுகிறது. உங்கள் முதலாளி அந்தப் பக்கத்தைத் தூக்கச் சொன்னால் உரிமத்தை மீறச் சொல்கிறார் என்று அர்த்தம். இதை அவருக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

காக்காவின் ‘உபயம்’ நல்ல முயற்சி. ஆனால் உபயகாரர் என்பவர் செலவை ஏற்றவர். ட்யூப்லைட்டைச் செய்தவர் பெயர் அதில் இருப்பதில்லை. நமக்கு வேண்டியது செய்தவரின் பெயர். மற்றது, உபயம் எழுதி எழுதி வெளிச்சம் மங்குகிற கதை மென்பொருள் உலகிலும் உண்மையாகவே நடந்திருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பழைய பிஎஸ்டி உரிமத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: இந்த மென்பொருளின் அம்சங்களைச் சொல்லும் விளம்பரம் எல்லாவற்றிலும் எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட வேண்டும். பின்னால் வந்தவர்கள் அந்த வாசகத்தைப் பிரதி எடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்த இடத்தில் தங்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள். 1997இல் வந்த நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் பதிப்பில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் 75 இருப்பதாக, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிச் சொன்னார். ஒரு விளம்பரத்தில் 75 பேருக்கு வணக்கம் வைத்துவிட்டு விளம்பரத்தை எங்கே எழுதுவது? 1999இல் பல்கலைக்கழகமே அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. பெயரை உரிமப் பக்கத்தில் வைத்தால் போதும் என்றாகிவிட்டது. தம்பியின் பொத்தான் அந்தத் தீர்வின் பேரப்பிள்ளைதான். போஸ்ட்கிரேஸ் உரிமத்தைத் திறந்து பாருங்கள், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெயர் இன்றைக்கும் அதில் இருக்கிறது. அது அந்தப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிறந்த பிள்ளை.

இப்போது நிறுவனங்கள் பக்கம் வருவோம். சிறிய ஆலை மென்பொருளிலிருந்து பெரிய வங்கி வரைக்கும் இன்று இதே கட்டுமானம்தான். உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அத்தனையும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தில் ஓடுகின்றன. பயன்பாடு இப்படி ஏறியபோது, செய்தவரைத் தெரிந்துகொள்வது அதே வேகத்தில் ஏறவில்லை. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோதுதான், உலகத்து இணையத்தளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 2000 டொலர் நன்கொடைதான் வந்துகொண்டிருந்தது என்று பலருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் லினக்ஸ் அறக்கட்டளை பெரிய நிறுவனங்களைக் கூட்டிக் காசு சேர்த்தது.

பெயர் இருந்தும் விளங்காத கதை ஒன்று உண்டு. சுவீடனில் இருக்கும் டேனியல் ஸ்டென்பேர்க் ‘கர்ல்’ என்ற கருவியை எழுதியவர். இணையத்திலிருந்து கோப்பை எடுத்துவர எங்கும் அதைத்தான் பாவிக்கிறார்கள். கார்களின் திரைக்குள்ளும் அது போய்விட்டது. உரிமம் கேட்டபடி கார்க் கம்பனிகள் அவருடைய பெயரையும் மின்னஞ்சலையும் உரிமப் பக்கத்தில் வைத்தன. விளைவு என்ன? காரின் திரை வேலை செய்யவில்லை, வரைபடம் வரவில்லை என்று முன்பின் தெரியாத கார்க்காரர்கள் அவருக்கு மடல் எழுதுகிறார்கள். அந்த நீண்ட பக்கத்தில் அவர்கள் கண்ட மனிதப் பெயர் அது. பெயரைச் சுட்டினால் மட்டும் போதாது, இன்னார் எதற்காக இங்கே இருக்கிறார் என்பதையும் தலைப்பு சொல்ல வேண்டும். நம்முடைய சொல்லின் வேலையே அதுதான்.

இதனால்தான் ‘பங்களித்தோர்’ என்றும் எழுத முடியாது. யாராவது அதைச் சொல்வதற்கு முன்னால் நானே மறித்துவிடுகிறேன். ஸ்டென்பேர்க் கர்லுக்குப் பங்களித்தார், காருக்குப் பங்களிக்கவில்லை. ஜாங்கோவை எழுதியவர்களுக்குச் சம்மாந்துறையில் ஒரு நெல் கணக்கு ஓடுவதே தெரியாது. ‘மூலவர்கள்’ என்று போடலாமா என்றும் யோசித்தேன். போட்டால் கற்பூரம் காட்ட வேண்டி வரும்.

விடை நம்மிடமே பழையதாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில், அதாவது முன்னுரையில், எட்டுச் செய்திகள் வரவேண்டும் என்கிறது நன்னூல். முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அதாவது இந்த நூல் எந்த நூலைப் பின்பற்றி வந்தது என்பது. முன்னோர் நூலின் முடிவை ஏற்று, தான் வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வது வழிநூல் என்றும் அதே நூல் வரையறுக்கிறது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியில் ஒருவருடைய நிரல் களஞ்சியத்தைக் கிளை பிரித்து எடுத்துத் திருத்துகிறோமே, அது வேறென்ன? இன்னொரு விசேஷம், பாயிரத்தை நூல் செய்தவர் தானே எழுதக்கூடாது. அவருடைய ஆசிரியர், கூடப் படித்தவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோர் சொல்வதே கடன் என்கிறது. கடன் என்றால் கடமையும்தானே. அந்த இயந்திரம் தெரியாமல் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறது!

ஆகவே என்னுடைய யோசனை இது. பொத்தானுக்கு ‘ஆக்கியோர்’. உள்ளே இரண்டு பகுதி. மேலே ‘ஆக்கம்’ என்ற தலைப்பில் உங்கள் நிறுவனத்தின் பெயரும் உங்கள் பெயர்களும். கீழே ‘வழி’ என்ற தலைப்பில் போஸ்ட்கிரேஸ், ஜாங்கோ எல்லாம், அவற்றை எழுதியவர்கள் பெயரோடும் உரிமத்தோடும். உங்கள் முதலாளியின் பயத்துக்கும் இதில் மருந்து இருக்கிறது. அவர் பெயர்தான் தலையில் நிற்கும். வழி சொன்னதால் எந்தப் புலவரும் சிறுத்துப் போனதில்லை.

உரிமத்தில் வருகிற அந்த நிபந்தனைக்கு, அதாவது ‘அட்ரிபியூஷன்’ என்பதற்கு, ‘பெயர்சுட்டல்’ என்று தனியாக வைத்துக்கொள்வோம். பெயர்சுட்டல் நிபந்தனை, பெயர்சுட்டாத பயன்பாடு, பெயர்சுட்டுக் கோப்பு என்று நீட்டிக்கொண்டும் போகலாம். ‘நன்றி’ தனக்குரிய இடத்தில் இருக்கட்டும். அதற்கு இடமும் தேவையும் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் சேவையகத்திலேயே மென்பொருளை ஓட்டி, நமக்கு உலாவியில் மட்டும் காட்டினால் பிரதி கைமாறுவதில்லை. எம்ஐடி, பிஎஸ்டி போன்ற உரிமங்களில் அப்போது நமக்குப் பெயர் காட்ட வேண்டிய கடமை எழாது. இன்றைய மேகக் கணிமை வியாபாரம் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அங்கே ஒருவர் பெயரைச் சொன்னால் அது உண்மையான நன்றி.

மனம் வைத்தால் செய்யலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2021 ஏப்ரலில் இன்ஜெனுவிட்டி என்ற சிறு ஹெலிகொப்டர் செவ்வாயில் பறந்தது. அதற்குள் இருந்த திறமூல மென்பொருட்களுக்கு நிரல் எழுதியவர்களைத் தேடி எடுத்து, ஏறத்தாழ 12,000 பேருடைய பக்கங்களில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் ஒரு பதக்கச் சின்னம் வைத்தது. அவர்களில் கனபேருக்குத் தங்கள் வரிகள் செவ்வாய்க்குப் போனது அன்றைக்குத்தான் தெரியும்.

நம் கரைக்கும் ஒரு கதை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, அம்பாறையும் மட்டக்களப்பும் பிணம் எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவு செய்யக் கொழும்பில் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கிய திறமூல மென்பொருள் ‘சஹானா’. பிறகு பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் ஹெய்ட்டிக்கும் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்காகக் கொடுக்கும் 2006ஆம் ஆண்டு விருதும் பெற்றது. கல்முனையிலும் நாவலடியிலும் அந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று.

கடைசியாக, ‘ஆக்கியோர்’ என்றால் நிரல் எழுதியவர் மட்டுமில்லை. லினக்ஸின் மையப் பகுதியான ‘கரு’வில் ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் வழுவைக் கண்டுசொன்னவர், சோதித்தவர், பார்வையிட்டவர் என்று தனித்தனி வரி சேர்க்கும் வழக்கம் உண்டு. லினக்ஸ் கணினிகளில் வரும் க்னோம் செயலிகளின் மொழிபெயர்ப்புக் கோப்பில் மொழிபெயர்ப்பாளர் பெயருக்கென்றே ஒரு வரி வரும். நம்மில் பலர் வெட்கப்பட்டு அதை வெறுமையாக விட்டுவிடுகிறோம். தம்பி, தமிழாக்கம் செய்தது நீங்கள். உங்கள் பெயரையும் போடுங்கள்.

காத்தான்குடியிலிருந்து:

தங்கச்சி, உபயத்தை விட்டுக்கொடுத்தாயிற்று. ஆனால் ‘ஆக்கியோர்’ இடிக்கிறது. எங்கள் பக்கம் ஆக்குவது என்றால் சோறு ஆக்குவது. ஆலைக் கணக்கப்பிள்ளை, பகல் சாப்பாடு ஆக்கினவர்கள் பட்டியல் என்று நினைத்து அழுத்தப் போகிறார்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

அப்படி நினைக்க மாட்டார். அவருடைய பிள்ளையின் பாடசாலை மலரில் ‘ஆக்கம்: தரம் 9’ என்று இருக்கிறது, ஞாயிறு பத்திரிகையிலும் ‘ஆக்கம்’ என்றுதான் போடுகிறார்கள். நன்றியை நான் திரும்பப் பெறுகிறேன். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னைக்குப் போய்க் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர். நாம் பழைய நூலிலிருந்து ஒரு சொல்லை எடுக்கப் பயப்படத் தேவையில்லை. ‘வழி’ மட்டும் தனியாக நின்றால் விளங்காது. எடுத்தாளும் நிரல் தொகுப்பை ‘நூலகம்’ என்கிறார்களே, ‘வழி நூலகங்கள்’ என்று எழுதினால் என்ன?

சம்மாந்துறையிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. இது விருப்பத்தோடு சொல்லும் நன்றி.

டீச்சர், ‘வழி நூலகங்கள்’ என்று போட்டுக் காட்டினேன். எங்கள் அலுவலகத்துப் பிள்ளை ஒருவர், கல்முனைப் பொது நூலகத்துக்குப் போகும் வழியா என்று கேட்டார். அதனால் ‘இவற்றின் வழி வந்தது’ என்று வாக்கியமாகவே எழுதிவிட்டேன். உள்ளே இடம் தாராளம். பொத்தானில் ‘ஆக்கியோர்’, உரிமக் குறிப்பில் ‘பெயர்சுட்டல்’. எழுத்துருவின் உரிம வாசகத்தையும் முழுதாகச் சேர்த்தாயிற்று. அது முன்பு விடுபட்டிருந்தது.

முதலாளி பார்த்தார். அவர் பெயர் மேலே வருவதால் இப்போது பக்கத்தை எடுக்கச் சொல்லவில்லை. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்கிறார்.

அக்கா, இன்னொன்று. கொழும்பு வாடிக்கையாளர் ஒருவர், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் எந்தப் பதிப்பு என்று பட்டியல் கேட்டிருக்கிறார். ஓட்டை ஏதாவது வெளிவந்தால் உடனே தேடிப் பார்க்கவாம். ‘கூறுப்பட்டி’ என்று வைக்கலாமா? நாளைக்கு அதற்குத் தனி மடல் போடுகிறேன்.