புதுப்பிப்பு: மைனியின் மார்பில் வந்த கட்டி

போன மாதம் எழுதியிருந்தேனே, 6 வருடம் முன்பு சிறுநீரகம் மாற்றிய எங்கள் மைனிக்கு இடது மார்பில் கட்டி என்று. விசாரித்தவர்களுக்காக இது.

ஊசி வைத்து எடுத்த சதையின் ரிசல்ட் வந்தது. வழக்கமான மார்பகப் புற்று இல்லை, லிம்போமா, அதாவது ரத்த வெள்ளையணுக்களில் தொடங்கும் ஒரு வகைப் புற்று. உறுப்பு மாற்றியவர்களுக்கு வரக்கூடியதுதான், ஆனால் மார்பில் வருவது அபூர்வமாம். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சும்மா கிடக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ், சமயம் பார்த்து பி செல்கள் என்ற வெள்ளையணுக்களைப் பெருக வைத்துவிடுகிறது. மைனிக்கும் அதே கதை. இங்கே முதலில் பார்த்த இடத்தில் கொழுப்புக் கட்டி என்று சொல்லி 3 வாரம் போக்கினார்கள், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

மார்பை எடுக்க வேண்டாம் என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் மைனி அழுதார்.

முதலில் மாத்திரை அளவைக் குறைத்தார்கள். குறைத்தால் சிறுநீரகம் முரண்டு பிடிக்கலாம் என்பதால் அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் அடிக்கடி பார்க்கிறோம், இதுவரை ஏறவில்லை. அப்புறம் அந்த பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து, நரம்பு வழியாக வாரம் ஒன்றாக 4 தடவை. விடியுமுன் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி திருவனந்தபுரம் போவோம். முதல் தடவை மருந்து ஏறும்போது நடுக்கம், 2 கம்பளி போர்த்தியும் பல் கிடுகிடுத்தது. மற்ற மூன்றும் பிரச்சினையில்லை.

நெல்லிக்காய் அளவிலிருந்த கட்டி இப்போது சுண்டைக்காய். அடுத்த வாரம் உடம்பில் புற்று மிச்சமிருக்கிறதா என்று காட்டும் பெட் ஸ்கேன், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.