64 பிட்டில் மட்டும் விழும் பழைய யூனிக்ஸ் நிரல்: பாயிண்டர் (நினைவக முகவரி) பாதியாக வருகிறது

கேள்வி:
1980களின் சி நிரல், கே அண்ட் ஆர் நடை (சி மொழியின் பழைய எழுத்து முறை). 32 பிட் லினக்ஸில் ஓடுகிறது. எக்ஸ்86-64இல், எமாலாக் என்ற அதன் சொந்த ஃபங்ஷன் தந்த நினைவக இடத்தைத் தொட்டதும் செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான முகவரியைத் தொட்டதால் நிரல் விழுவது). ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் பார்த்தால், எமாலாக் உள்ளே அழைக்கும் மாலாக் (நினைவகம் வாங்கித் தரும் ஃபங்ஷன்) தருவது பதினாறடிமான எண்ணில் 555555559310; அழைத்த இடத்துக்கு வருவது 55559310. மாலாக்கை அறிவிக்கும் எஸ்டிடிலிப் ஹெடரை எல்லாக் கோப்பிலும் சேர்த்தும் பயனில்லை. பி.ஐ.இ. (நிரலை எந்த முகவரியிலும் ஏற்ற விடும் அமைப்பு) இல்லாமல் கம்பைல் செய்தால் சிறிய கோப்புகளுக்கு ஓடுகிறது, பெரியவற்றுக்கு விழுகிறது. ஏன்?

பதில் 1:
மேல் 32 பிட் வெட்டுப்பட்டிருக்கிறது. மாலாக்கின் வகை ஹெடர் இல்லாமலே ஜிசிசி கம்பைலருக்குத் தெரியும், எமாலாக் தெரியாது. அழைக்கும் கோப்பில் அதற்கு டிக்ளரேஷன் (வகையை முன்பே சொல்லும் வரி) இல்லையென்றால், பழைய விதிப்படி அது இன்ட் (முழு எண்) தருவதாகக் கம்பைலர் எடுத்துக்கொள்ளும். இன்ட் 32 பிட்தான்.

பி.ஐ.இ. இல்லாதபோது ஹீப் (மாலாக் வழக்கமாக இடம் எடுக்கும் பகுதி) நிரலுக்குப் பக்கத்திலேயே, 2 ஜிபிக்குக் கீழே அமைகிறது. வெட்டினாலும் எண் மாறாது. ஆனால் 128 கிலோபைட்டைத் தொடும் கேட்புகளை ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) ஹீப்புக்கு வெளியே, எம்மேப் வழியாகக் கெர்னலிடம் வாங்கும். அந்த முகவரிகள் மிக உயரத்தில் இருப்பவை. பெரிய கோப்பில் விழுவது அதனால்தான். பி.ஐ.இ.யை நீக்குவதைத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

எமாலாக்குக்கு முழு புரோட்டோடைப்போடு ஒரு ஹெடர் எழுதி, அழைக்கும் கோப்புகளிலும் அது எழுதப்பட்டுள்ள கோப்பிலும் சேருங்கள். டிக்ளரேஷன் இல்லாத அழைப்பை ஜிசிசி 14 தானாகவே பிழையாக்கும். மேக்ஃபைலில் ஜிஎன்யூ89 (பழைய சி விதிகளைத் தேர்வது) என்று இருந்தால் ஆக்காது, நீங்களே அந்த எச்சரிக்கையைப் பிழையாக மாற்றவேண்டும். அளவு வேறுபட்ட முழு எண்ணைப் பாயிண்டராக கேஸ்ட் செய்வதாக வரும் எச்சரிக்கை ஒன்றைக்கூட விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி. இன்னொன்று: லிஸ்டை அழிக்கும் லூப், நோடை ஃப்ரீ செய்தபிறகு (அதன் இடத்தை விடுவித்தபிறகு) அதிலிருந்தே நெக்ஸ்ட்டைப் (அடுத்த நோடின் பாயிண்டரைப்) படிக்கிறது. இதுவும் விழுமா?

பதில் 2:
விழும். 1979இன் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், அடுத்த மாலாக் வரை விடுவித்த துண்டு அப்படியே இருக்கும். ஃப்ரீ செய்ததையே ரியலாக் (அளவு மாற்றம்) செய்யலாம் என்று கையேடே அனுமதித்தது. இன்றைய ஜிலிப்சி, விடுவித்த சிறு துண்டின் முதல் 16 பைட்டில் தன் கணக்கை எழுதிவிடும். நெக்ஸ்ட் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஃப்ரீக்கு முன்பே அதைத் தனி மாறியில் எடுத்துவையுங்கள்.

மாலாக், எமாலாக் அழைப்புகளில் "4ஆல் பெருக்கு" என்றிருக்கிறதா என்றும் தேடுங்கள். பாயிண்டர் இப்போது 8 பைட். 4 என்று எழுதிய இடமெல்லாம் பாதி இடம்தான் கிடைக்கும், அடுத்த துண்டு கெடும். அங்கெல்லாம் சைஸ்ஆஃப் (அளவைக் கம்பைலரே கணக்கிடுவது) போடுங்கள். பிறகு அட்ரஸ் சானிட்டைசர் என்ற நினைவகப் பிழை கண்டுபிடிப்பானுடன் கம்பைல் செய்து ஓட்டினால், எந்த வரியில் எல்லை மீறுகிறது என்று அதுவே காட்டும்.