குன்னூரில் 6-க்கு 8 அடிச் சமையலறை: உப்பு கரைகிறது, அலமாரி ஊறுகிறது, எப்படி அடுக்குவது?

கேள்வி: குன்னூர் வாடகைவீடு

வணக்கம். தகரக் கூரை போட்ட வாடகை வீடு. சமையலறை 6 அடி அகலம், 8 அடி நீளம். நுழைந்ததும் இடப்பக்க நீளச் சுவருக்குப் பின்னால் மண்மேடு. அந்தச் சுவரை ஒட்டி 2 அடி அகலக் கடப்பாக்கல் மேடையும் அதன்மேல் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அலமாரியும் இருக்கின்றன. வலப்பக்கச் சுவருக்கு அப்பால் ஹால். அந்தச் சுவரை ஒட்டி, சமையலறைக்குள்ளே இப்போது ஃபிரிட்ஜ் நிற்கிறது. எதிர்ச்சுவரில் கண்ணாடி ஜன்னல்.

அலமாரியின் அடிப்பலகை உப்பிவிட்டது, பின்பலகையில் பூசணம். கல் உப்பு நீர் விடுகிறது, மிளகாய்த்தூள் கட்டியாகிறது, அப்பளம் நமுத்துப்போகிறது. மிக்ஸியைத் தினமும் கீழிருந்து தூக்க வேண்டியிருக்கிறது. சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அக்டோபர் மழைக்குள் மாற்றி அடுக்க வேண்டும். எங்கே எதை வைப்பது?

பதில்: கோத்தகிரி கட்டட வேலை

அடுக்குவதற்கு முன் எந்தச் சுவர் ஈரம், அது எங்கிருந்து வருகிற ஈரம் என்று பாருங்கள். சமவெளிச் சமையலறையில் கைக்கு எட்டுவதைப் பார்த்து அடுக்கினால் போதும். மலையில் முதலில் காய்ந்த இடம், பிறகுதான் கைக்கு எட்டும் இடம்.

கனமான பாலித்தீன் தாளை 1 அடிக்கு 1 அடி வெட்டி மூன்று துண்டு எடுங்கள். சுவரைத் துணியால் துடைத்துவிட்டு, மேடுபக்கச் சுவரில் தரையிலிருந்து 1 அடி உயரத்தில் ஒன்று, 5 அடி உயரத்தில் ஒன்று, ஹால் பக்கச் சுவரில் ஒன்று, நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் மண்ணிலிருந்து ஊறுகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் உங்கள் சமையல் ஆவி குளிர்ந்த சுவரில் படிந்து நீராகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

குன்னூர் வாடகைவீடு

பார்த்தாச்சுங்க. மேடுபக்கம் கீழ்த்தாளில் உள்பக்கம் நல்ல ஈரம். மேல்தாளில் வெளிப்பக்கம் மட்டும் முத்து முத்தாக நீர். ஹால் பக்கம் இரண்டு பக்கமும் காய்ந்திருக்கிறது.

பதில்: கோத்தகிரி கட்டட வேலை

அப்படியென்றால் இரண்டு தொல்லையும் ஒரே சுவரில் இருக்கின்றன. கீழ்ப்பகுதிக்கு வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் உள்ள சாக்கடையில் மண்ணும் இலையும் அடைத்திருக்கும், அதை அள்ளி வாட்டம் சரிசெய்யட்டும். தடுப்புச்சுவர் இருந்தால் அதில் நீர் வடிய விட்ட ஓட்டைகளையும் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். உள்ளே ஆயில் பெயின்ட் அடிக்கச் சொல்லாதீர்கள். ஊறும் சுவரில் அது கொப்புளித்து உரிந்துவிடும். சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சு விடும், பூசணமும் குறையும்.

மேல்பகுதி ஈரத்துக்கு ஆவியை வெளியேற்றுவதுதான் வழி. ஜன்னலின் மேல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி, அதே அளவில் 12 மிமீ நீர்தாங்கும் பிளைவுட் வெட்டி, அதில் 6 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துங்கள். காலி செய்யும்போது கண்ணாடியைத் திரும்பப் போட்டுவிடலாம், சுவருக்குச் சேதமில்லை. வெளிப்பக்கம் அரை இஞ்ச் வெல்ட் மெஷ் (கம்பி வலை) கட்டாயம், குரங்கு கை விடும். ஹால் கதவு அடியில் காற்று வர இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். அடுப்பை அணைத்த பிறகும் 20 நிமிடம் ஓடட்டும்.

இன்னொன்று: குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கும், அத்தனை நேரமும் ஆவி சுவரில் படியும். பருப்பு, பயறு எல்லாம் குக்கரில்தான்.

பதில்: ரேக் வேலை, ஊட்டி

பார்ட்டிகிள் போர்டைக் கழற்றிப் போடுங்கள். ஒரு தடவை உப்பினால் அது காய்ந்தாலும் பழைய உறுதிக்கு வராது.

உணவுப் பொருள் அத்தனையும் ஹால் பக்கச் சுவருக்கு மாறட்டும். அதற்கு ஃபிரிட்ஜ் ஹாலுக்குப் போக வேண்டும். அதன் ஆழம் 2 அடிக்கு மேல் வரும், எதிரே மேடையும் 2 அடி, நடுவில் திரும்ப இடமிருக்காது. அங்கே 36-க்கு 12 இஞ்ச் தட்டு போட்ட ஸ்லாட்டட் ஆங்கிள் (வரிசையாகத் துளையிட்ட இரும்புச் சட்டம்) ரேக் இரண்டைச் சேர்த்து நிறுத்துங்கள். 12 இஞ்ச் ரேக், அதன் பின்னால் விடும் 2 இஞ்ச், 24 இஞ்ச் மேடை போக நடைபாதை 34 இஞ்ச் மிஞ்சும். ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் கடந்து போகலாம்.

தட்டுத் தகட்டின் தடிமன் 20 கேஜ் கேளுங்கள். 22 கேஜ் அதைவிட மெலிசு, மலிவு, ஆனால் அரிசி வைத்தால் தொய்யும். உயரம் 78 இஞ்ச். மிக்ஸி நிற்கும் ரேக்கில் தட்டுகளைத் தரையிலிருந்து 6, 24, 34, 52, 62, 76 இஞ்சில் பொருத்துங்கள். அடித்தட்டில் அரிசி டின், எண்ணெய். 24-இல் புளி, வெல்லம், உப்பு ஜாடி. 34-இல் மிக்ஸி நிரந்தரமாக நிற்கட்டும், ஜார் போட்டு மூடி திறக்க 18 இஞ்ச் போதும். 52-இல் பருப்பு, தூள் பாட்டில்கள், கண்மட்டத்துக்கு. மேலே எடை இல்லாதவை மட்டும். இரண்டாவது ரேக்கைப் பாத்திரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு போல்ட், ஒன்று போட்டால் ரேக் ஆடும். வெட்டிய முனைகளில் ரெட் ஆக்சைடு பெயின்ட் தடவுங்கள், துரு அங்கேதான் தொடங்கும். 12 இஞ்ச் ஆழத்தில் இவ்வளவு உயரம் தானாக நிற்காது. துளை போட முடியாததால் மேல்முனை இரண்டையும் கூரைச் சட்டத்தோடு கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். காய்ந்த சுவர்தான் என்றாலும் 2 இஞ்ச் விலக்கி நிறுத்துங்கள்.

மேடுபக்கச் சுவரில் எவர்சில்வர் பாத்திரம் தவிர எதுவும் வேண்டாம். அதுவும் மேடைமேல் நிற்கும் ஸ்டாண்டில்.

பதில்: நீலகிரி வாசி

இடம் பற்றாவிட்டால் எண்ணெய் டின், அரிசி மூட்டையைப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் வைக்கலாமே? ஈரத்துக்கு, ராத்திரி ஒரு சட்டியில் கரித்தணலைச் சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்தினால் காலையில் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும்.

பதில்: கேஸ் மெக்கானிக்

அண்ணா, இரண்டுமே வேண்டாம். மூடிய அறையில் கரித்தணல் கார்பன் மோனாக்சைடு விடும். வாசனையே தெரியாது. ஹாலில் தூங்குகிறவர்களின் உயிருக்கே ஆபத்து. தாழ்வாரத்து எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும், நம் பக்கம் கதவை உடைத்தே எடுத்திருக்கிறது.

சிலிண்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேடைக்கு அடியில் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், அடுப்பைவிடத் தாழ்வாக. அந்த இடத்தை அழகுக்காகக் கதவு போட்டு மூடாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். மூடித்தான் ஆகவேண்டுமென்றால் கதவின் மேலும் கீழும் துளைகள் வேண்டும். பக்கத்தில் ஸ்விட்ச், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. ஜனவரிக் காலையில் சிலிண்டர் தீரும் நேரம் தீ மங்கினால் வெந்நீர் ஊற்றாதீர்கள். மிச்சமிருக்கும் பியூட்டேன் (எல்பிஜியில் உள்ள ஒரு வாயு) குளிரில் மெதுவாகத்தான் ஆவியாகும், தீ மங்குவது அதனால்தான்.

பதில்: கொடைக்கானல் சமையல்

ரேக் மாறினாலும் டப்பா பழக்கம் மாறாவிட்டால் உப்பு கரையத்தான் செய்யும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுக்கும். கல் உப்பில் மெக்னீசியம் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே. அதனால் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரியுங்கள். இருப்பு, ரப்பர் வளையம் வைத்த திருகுமூடிக் கண்ணாடிப் பாட்டிலில். அன்றாடத்துக்கு ஒரு வாரம் வருமளவு மட்டும் அஞ்சறைப் பெட்டியில். எவர்சில்வர் டப்பா மூடி காற்றை அடைக்காது, அதை இருப்புக்கு நம்ப வேண்டாம்.

மழை மாதங்களில் தூள் 250 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். மல்லி, மிளகாயை லேசாக வறுத்து அரைத்தால், முழுதாக ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து அந்த நீரே தூளில் விழும்.

உருளைக்கிழங்கு இருட்டில், மரக்கூடையில். வெளிச்சம் பட்டால் பச்சையாகும், அதைச் சாப்பிடக்கூடாது. வெங்காயத்தோடு சேர்த்து வைத்தால் இரண்டும் சீக்கிரம் கெடும். மலைப்பூண்டு என்றால் தாளோடு கட்டி ரேக் பக்கம் கூரைச் சட்டத்தில் தொங்கவிடுங்கள். அடுப்புக்கு நேர்மேலே வேண்டாம், ஆவி பட்டு முளைவிடும்.

குன்னூர் வாடகைவீடு

நன்றிங்க அக்கா. கரித்தணல் இல்லாமல் அப்பளத்தைக் காப்பாற்ற வழி உண்டா? மாவும் புளிக்க மாட்டேன் என்கிறது.

பதில்: கொடைக்கானல் சமையல்

இரண்டுக்கும் ஒரே பெட்டி போதும். ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளைவுட் பெட்டி, உள்ளே 15 வாட் இழை பல்பு, நல்ல ஹோல்டரில். எல்இடி போட்டால் சூடு வராது. பல்பைச் சுற்றி அரை அடி காலியாக இருக்கட்டும். மேலே விரலளவு இரண்டு துளை போடுங்கள். பெட்டி வெளியைவிடச் சில டிகிரி சூடாக இருந்தாலே உள்ளே ஈரப்பதம் இறங்கிவிடும். உப்பு, அப்பளம், வடகம் அதில் இருக்கட்டும். மாவு வைக்கும் இரவில் மட்டும் அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். மாவு ஈரம் விடும், அப்பளம் மறுபடி நமுத்துவிடும்.

பதில்: ரேக் வேலை, ஊட்டி

அந்தப் பெட்டியை இரண்டாவது ரேக்கில் இடுப்பு உயரத் தட்டில் வையுங்கள். ஒன்றரை அடி ஆழம் என்றால் 6 இஞ்ச் வெளியே நீட்டும், நடைபாதையில் இடிக்கும். அதனால் ஆழத்தை 12 இஞ்சாகக் குறைத்து நீளத்தை 2 அடியாக்கச் சொல்லுங்கள்.