புகார்ப் பெட்டி மாட்டியாச்சு, சரி. சாவி யாரிடம்?

கெடிலக்கரை: "புகார்ப் பெட்டி மாட்டியாச்சு, இனிப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்" என்று நேற்று எங்கள் கடலூர்ப் பெற்றோர் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் இங்கேயும் இருக்கிறார். பாலியல் தொல்லை பற்றிப் பிள்ளைகள் எழுதிப் போடப் பள்ளியில் வைத்த அந்தப் பெட்டியை நேரில் போய்ப் பார்த்தேன். தலைமையாசிரியர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே, நீலப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. சாவி அலுவலக மேசை டிராயரில், சாக்பீஸ் டப்பாவோடு கிடக்கிறது. எந்தப் பிள்ளை அதில் சீட்டுப் போடும்?

பழைய வாத்தியார்: எழுதியது நான்தான். பிள்ளைகளை உங்களைவிட எனக்குக் கொஞ்சம் தெரியும். சாவி எங்கே கிடந்தால் என்ன? சீட்டு வந்தால் முதலில் உள்ளுக்குள் விசாரிக்கலாம், உண்மை என்றால் அப்புறம் மேலே போகலாம். எடுத்த எடுப்பில் போலீஸ் என்றால் பள்ளியின் பேர் என்ன ஆவது?

கெடிலக்கரை: ஆக, கவலை பேரைப் பற்றித்தான். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கிற போக்சோ சட்டம் 2012-ல் வந்தது ஐயா. 19-ஆம் பிரிவைப் படியுங்கள். குற்றம் நடந்தது தெரிந்தாலும் சரி, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் சரி, காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். உண்மையா பொய்யா என்று பார்ப்பது உங்கள் வேலை இல்லை. கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. இப்போது சொல்லுங்கள், சாவி யாரிடம்?

பாகூரான்: பெட்டியே எதற்கு? 14417-க்கு அடித்தால் முடிந்தது.

லாஸ்பேட்டை அம்மா: அது தமிழ்நாட்டுக் கல்வித் துறை எண். பாண்டியில் இருக்கிற நமக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

பாகூரான்: என் மகள் படிப்பது கடலூரில். இந்தப் பாண்டிக்காரர்களுக்கு எப்போதும் எல்லைக்கோடு நினைப்புதான்.

லாஸ்பேட்டை அம்மா: பாகூரும் பாண்டிதான் தம்பி.

கெடிலக்கரை: 1098 ரெண்டு பக்கமும் பொது. எல்லைச் சண்டையை அப்புறம் போடுங்கள். சாவி விஷயத்துக்கு வாருங்கள்.

செம்மண்டலத்தான்: பெண்பிள்ளை, பெண்பிள்ளை என்கிறீர்களே, என் பையனைப் பெரிய வகுப்புப் பசங்க பஸ்ஸில் அடித்து டிபன் பாக்ஸைப் பிடுங்குகிறார்கள். அதற்கு என்ன வழி?

லாஸ்பேட்டை அம்மா: போக்சோவே ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் இது அதில் வராது...

பழைய வாத்தியார்: பசங்க விளையாட்டுக்கெல்லாம் சட்டமா?

கெடிலக்கரை: 'விளையாட்டு' முற்றித்தான் 1996-ல் நம்ம சிதம்பரத்தில், ராகிங்கில் கொலையான மருத்துவ மாணவர் நாவரசுவைப் பறிகொடுத்தோம். அடுத்த வருஷமே ராகிங் தடைச் சட்டம் வந்தது.

பழைய வாத்தியார்: அது பல்கலைக்கழகம், இது பள்ளிக்கூடம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் கிடைக்காத கடுப்பு உங்களுக்கு. ஊருக்கே தெரியும்.

கெடிலக்கரை: நிறையத் தெரிந்த ஊர்தான். உங்கள் சம்பந்தி அந்தக் குழுவில் எப்படி வந்தார் என்பதும் அதற்குத் தெரியும். சாவி?

பழைய வாத்தியார்: தலைமையாசிரியரிடம்தான் இருக்கும். பின்னே உங்களிடம் கொடுப்பதா?

கெடிலக்கரை: எனக்கு வேண்டாம். வெளியாள் ஒரு பெண்மணி வாராவாரம் வந்து, ரெண்டு மாணவிகள் எதிரில் திறக்கட்டும். பெட்டியையும் கழற்றிக் கழிவறைக்குப் போகிற வழியில், கேமரா இல்லாத சுவரில் மாட்டுங்கள்.

பழைய வாத்தியார்: கழிவறைப் பக்கமா! சரஸ்வதி குடியிருக்கும் இடத்தைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது?

லாஸ்பேட்டை அம்மா: அந்தக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா சார்?

பழைய வாத்தியார்: உங்களுக்கு எதற்கு எங்கள் ஊர்த் தாழ்ப்பாள்?

செம்மண்டலத்தான்: டிபன் பாக்ஸுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.