டிஷ்ஷில் பாதி சேனல் வரவில்லை, ஃபைபருக்கு மாறினால் தீருமா?

கூரைமேல்:
வணக்கம். எங்கள் வீட்டில் பல வருடமாக டிஷ் இணைப்புதான். கனமழை வந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து 'சிக்னல் இல்லை' என்று நின்றுவிடும், அது பழகிப்போயிற்று. இப்போது வானம் தெளிவாக இருக்கும்போதும் சில சேனல்கள் மட்டும் வருவதில்லை. பாக்ஸை அணைத்துப் போட்டாயிற்று, மறுபடி ஸ்கேனும் செய்தாயிற்று. இந்த நேரத்தில் ஃபைபர் கம்பெனி ஆள் ஒருவர் வந்து, "டிஷ் காலம் முடிந்தது, எங்கள் லைனில் படம் நிற்கவே நிற்காது, இன்டர்நெட், டிவி இரண்டுக்கும் ஒரே பில்" என்கிறார். டிஷ் கம்பெனியோ பாக்ஸை மாற்றச் சொல்கிறது. அம்மாவுக்கு டிவிதான் துணை. அவசரப்பட்டு மாறிவிட்டு அவர் தவிக்கக் கூடாது. என்ன செய்யலாம்?

சிக்னல்மீட்டர்:
இரண்டு கோளாறையும் தனித்தனியாகப் பாருங்க. மழையில் போவது, டிஷ்ஷுக்கு வரும் கியூ பேண்ட் என்ற அலையின் குணம். 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலையை மழைத்துளிகள் உறிஞ்சும், சிதறடிக்கும். டிஜிட்டல் என்பதால் ஒரு அளவு வரைக்கும் படம் பளிச்சென்று இருக்கும், அதற்குக் கீழே போனதும் ஒரேயடியாக நின்றுவிடும். 60 செ.மீ. டிஷ்ஷை 90 செ.மீ. ஆக்கினால் சிக்னல் பலம் சுமார் 3.5 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும், சாதாரண மழையை அது சமாளிக்கும்.

தெளிந்த வானத்தில் போவது வேறு விஷயம். வராத சேனல்கள் எந்த டிரான்ஸ்பாண்டரில் (செயற்கைக்கோளில் சில சேனல்களைச் சேர்த்து அனுப்பும் கருவி) இருக்கின்றன? பாக்ஸ் மெனுவில் ஃப்ரீக்வென்சி எண்ணுக்குப் பக்கத்தில் எச் (கிடைமட்ட அலை) அல்லது வி (செங்குத்து அலை) என்று இருக்கும். அதைக் குறித்துப் போடுங்க.

கூரைமேல்:
பார்த்துவிட்டேன். வராதது எல்லாமே எச். வி எல்லாம் நன்றாக வருகிறது.

சிக்னல்மீட்டர்:
அப்படியானால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். டிஷ் முனையில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி என்ற சின்னக் கருவிக்கு பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் வி, 18 வோல்ட் அனுப்பினால் எச். கேபிளிலோ அதன் முனையில் திருகும் எஃப் கனெக்டரிலோ தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தால் வழியிலேயே வோல்ட் குறையும். 18 அனுப்பினாலும் மேலே போய்ச் சேருவது போதாமல் எல்என்பி வியிலேயே நின்றுவிடும். உங்கள் அறிகுறி அப்படியே இதுதான்.

முதலில் பாக்ஸின் பிளக்கைக் கழற்றுங்க. கேபிளில் மின்சாரம் இருக்கும்போது கனெக்டரைத் தொட்டால் ஷார்ட் ஆகலாம். பிறகு இரண்டு முனையையும் கழற்றிப் பாருங்க. முடிந்தால் பாக்ஸை மேலே கொண்டுபோய் சின்னப் புதுக் கேபிளில் நேராக எல்என்பியோடு இணைத்துப் பாருங்க. எச் வந்தால் பழைய கேபிள்தான் காரணம். வராவிட்டால் எல்என்பியை மாற்றணும். அதற்கும் சரியாகாவிட்டால்தான் பாக்ஸ்.

கண்ணாடிநார்:
நான் ஃபைபர் லைன் இழுக்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் எங்கள் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மழை கண்ணாடி இழையை ஒன்றும் செய்யாது, அது உண்மை. ஆனால் "நிற்கவே நிற்காது" என்று விற்பது தப்பு. சாலையைத் தோண்டும்போது இழை அறுந்தால் தெரு மொத்தமும் போகும், ஒட்டி முடிக்கும் வரை டிவியும் இன்டர்நெட்டும் சேர்ந்தே இல்லை. ஒளியை மின் சிக்னலாக மாற்ற வீட்டுச் சுவரில் மாட்டும் ஓஎன்டி பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். டிவிக்கு பேட்டரி வைத்திருப்பவர்கள் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து வைக்கணும்.

வந்தவரிடம் இதைக் கேளுங்க: டிவி எந்த முறையில் வருகிறது? சில இடங்களில் 1550 நானோமீட்டர் ஒளியில் டிவி தனியாக வரும், இன்டர்நெட் நெரிசல் அதைத் தொடாது. பல இடங்களில் ஐபி மல்டிகாஸ்ட், அதாவது டிவியும் இன்டர்நெட் லைனிலேயே டேட்டாவாக வரும். ஒரே சேனலைப் பத்து வீடு பார்த்தாலும் லைனில் ஒரு ஓடைதான் போகும், தரமும் நன்றாக இருக்கும். மூன்றாவது, வெறும் ஆப். அதில் நேரலை அரை நிமிடம் வரை பின்தங்கலாம், வைஃபை மோசமானால் படமும் மோசம். மூன்றையும் 'ஃபைபர் டிவி' என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். பெரும்பாலான புகார் இழையில் வருவதில்லை, வீட்டுக்குள் வைஃபையில்தான் வருகிறது. அம்மாவின் பாக்ஸுக்கு ஈதர்நெட் கேபிள் போடச் சொல்லி வற்புறுத்துங்க.

தொலைநோக்கு:
இந்தப் போட்டியைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருந்து ஒரே சிக்னலைக் கோடி வீட்டுக்குக் கொடுக்கும், கூடுதலாக ஒரு வீடு சேர்ந்தால் வானத்தில் செலவே இல்லை. தோட்டத்துக்கு நடுவில் தனி வீடு இருந்தாலும் எட்டும். ஃபைபர்காரர் ஒவ்வொரு வாசலுக்கும் இழை இழுத்தாகணும். ஆனால் டிஷ்ஷுக்குத் திரும்பு பாதை இல்லை, வீட்டிலிருந்து எதையும் கேட்டு அனுப்ப முடியாது. நினைத்த நேரத்தில் நினைத்த படம் என்று ஜனங்கள் கேட்கத் தொடங்கியதும் சமநிலை மாறிவிட்டது. அமெரிக்காவில் 2005இல் தொலைபேசி நிறுவனமான வெரைசான் ஃபைபரில் டிவி விற்க ஆரம்பித்தது. 2015இல் டிஷ் கம்பெனியான டைரக்டிவியை இன்னொரு தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி வாங்கியது, 2021இல் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. பிரிட்டனில் டிஷ்ஷாலேயே வளர்ந்த ஸ்கை, 2021இல் டிஷ் தேவைப்படாத ஸ்கை கிளாஸ் என்ற டிவியைக் கொண்டுவந்தது.

இதனால் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. டிஷ் கம்பெனியைக் கூப்பிட்டு, ஃபைபருக்கு மாற யோசிக்கிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்க. இருக்கும் வாடிக்கையாளரை இழக்க அவர்களுக்கு மனம் வராது. கேபிளை இலவசமாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்க. ஃபைபர்காரரிடம் சலுகை முடிந்த பிறகு வரும் கட்டணத்தை எழுத்தில் வாங்குங்க. அம்மா பார்க்கும் சேனல் பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்க. சேனல் உரிமை ஒப்பந்தம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், இழை எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஒப்பந்தம் இல்லாத சேனல் வராது.

கூரைமேல்:
எல்லோருக்கும் நன்றி. எல்என்பி பக்கக் கனெக்டரைக் கழற்றியதும் தண்ணீர் சொட்டியது, உள்ளே செம்பு பச்சையாகியிருந்தது. புதுக் கேபிள் போட்டதும் எச் சேனல்கள் எல்லாம் வந்துவிட்டன. பாக்ஸை மாற்றவே தேவையில்லை. ஃபைபரை இன்டர்நெட்டுக்கு மட்டும் எடுக்கலாம் என்று இருக்கிறேன். அப்படித் தருவார்களா?

கண்ணாடிநார்:
கேட்டால் பல இடங்களில் தருவார்கள், விளம்பரத்தில்தான் போடமாட்டார்கள். கனெக்டர் மேல் ரப்பர் உறை போட்டு, எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளைவு தொங்க விட்டுக் கட்டுங்க. தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.

சிக்னல்மீட்டர்:
மார்ச், செப்டம்பர் வாக்கில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். அந்தச் சில நாட்கள் பகலில் கொஞ்ச நிமிடம் படம் போகும், தானாகவே திரும்பிவிடும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்க, அதற்காகக் கேபிளைக் கழற்ற வேண்டாம்.