ஆக்சிஜன் சென்சார் மரையில் இறுகிவிட்டது, கழற்ற வழி வேண்டும்

வண்டி 2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், 92,000 கி.மீ. நிற்பது குளச்சலில், கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள்.

மூன்று வாரமாக செக் இன்ஜின் விளக்கு அணையவில்லை. ஸ்கேனரில் பி0135, அதாவது புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. மைலேஜ் 17-லிருந்து 13-க்கு இறங்கிவிட்டது. ஃபியூஸ் சரி, கனெக்டருக்கு 12 வோல்ட் வருகிறது. சென்சாரின் இரண்டு ஹீட்டர் ஒயர்களுக்கு நடுவே மீட்டர் வைத்தால் ஓப்பன், அதாவது உள்ளே அறுந்திருக்கிறது; புதிதாக வாங்கிய சென்சார் 6 ஓம் காட்டுகிறது. ஆகவே சென்சார்தான் போயிருக்கிறது, சந்தேகமில்லை.

பழையது அசையவே மாட்டேன் என்கிறது. துரு இளக்கும் எண்ணெயை மூன்று இரவு விட்டாயிற்று. இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சூட்டோடு 22 எம்எம் பிளவு சாக்கெட் போட்டோம். வழுக்கியது. பிறகு ஒயரை வெட்டிவிட்டு, ரிங் ஸ்பேனரில் குழாய் செருகி இழுத்தோம். ஆறு மூலையில் இரண்டு மழுங்கியதுதான் மிச்சம். கேஸ் டார்ச்சால் சூடு காட்டவில்லை, ஏனென்றால் ஒயரிங் கட்டு நாலு விரல் தூரத்தில் போகிறது.

சென்சார் மாட்டியிருக்கும் மேனிஃபோல்டை (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) கழற்றி லேத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அதை இன்ஜினோடு பிணைக்கும் ஸ்டட்டுகளும் உப்புக்காற்றில் பொருக்குப் பொருக்காக உரிகின்றன. ஒன்று ஒடிந்தால் இன்ஜின் ஹெட்டிலேயே கைவைக்க வேண்டியிருக்கும், அது சென்சாரைவிடப் பெரிய வேலை.

மேனிஃபோல்டைக் கழற்றாமல், சென்சார் மேல் நட்டை வெல்டு வைத்தாவது இதை எடுத்து, 18 எம்எம், 1.5 பிட்ச் மரையை டேப் போட்டுச் சீராக்கித் தருபவர்கள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யாராவது இருக்கிறார்களா?